வேப்பெண்ணெயா, சோப்பா, சும்மா இருப்பதா? மாடித்தோட்டப் பூச்சிக்கு எது சரி

போன தை மாதம் ஒரு நாள் காலையில், மேற்கு மாம்பலத்தில் எங்கள் மொட்டை மாடியில் ஏழெட்டுக் கொலைகள் செய்தேன். செம்பருத்திக் கிளையில் வெள்ளை வெள்ளையாக, உடம்பெல்லாம் மெழுகு நூல் தொங்கியபடி பூச்சிகள். மாவுப்பூச்சி என்று நானே முடிவுகட்டி, குச்சியால் தட்டித் தட்டி சோப்புத் தண்ணீரில் போட்டேன். ஒன்றிரண்டு தப்பித்து ஓடப் பார்த்தன. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மாவுப்பூச்சி அப்படி ஓடாது.

நான் கொன்றது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழுக்களை. 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வண்டு அது. காபிச் செடியின் பச்சைச் செதில்பூச்சியை ஒழிக்கத்தான் அழைத்து வந்தார்கள். அந்த வேலையில் அது தேறவில்லை. ஆனால் மாவுப்பூச்சியை ஒரு கை பார்த்தது. அதன் புழு, தான் தின்னும் மாவுப்பூச்சியின் வேஷத்திலேயே திரியும். என் கைவரிசைக்கு இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், செம்பருத்தி முழுக்க மாவு கொட்டினாற்போல் இருந்தது.

இது நடந்து சில நாளில் தாம்பரத்திலிருந்து அண்ணி போன் செய்தார். அவர் மாடியில் இருபத்தைந்து பைகள்: கத்தரி, வெண்டை, தக்காளி, அவரை, பாகல், ஒரு கறிவேப்பிலை. "ஏம்மா, வேப்பெண்ணெய் போதுமா, இல்ல கடைக்காரர் ஏதோ வெள்ளைப் பவுடர்ங்கிறாரே, அதை வாங்கவா? சோப்புத் தண்ணியே போதும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க." என்ன பூச்சி என்று கேட்டேன். "என்னமோ பூச்சி!" என்றார். அந்த ஒரு பதிலில்தான் எல்லாம் சிக்கிக்கொண்டிருக்கிறது. அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஆளைத் தெரிந்துகொள்வது

ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பேரில் ஒருவன் திருடன், ஒருவன் காவல்காரன் என்ற கதை மாடித்தோட்டத்தில் மூன்று நான்கு இடத்தில் வரும்.

முதலாவது, மேலே சொன்ன மாவுப்பூச்சி வேஷம். குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். கூட்டமாக ஒட்டிக்கொண்டு மந்தமாக நகரும். கிரிப்டோலேமஸ் புழு அதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிது, மெழுகு நூல் நீளம், தனித்தனியாக இருக்கும், தொட்டால் சுறுசுறுப்பாக நகரும். வளர்ந்த வண்டு கறுப்பு. தலையும் பின்பக்கமும் மட்டும் ஆரஞ்சு.

இரண்டாவது, புள்ளி போட்ட வண்டுகள். பள்ளிக்கூடத்தில் "பொறிவண்டு நல்ல பூச்சி" என்று படித்துவிட்டு, கத்தரிச் செடியில் புள்ளி வண்டைப் பார்த்ததும் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. நானும் சந்தோஷப்பட்டிருக்கிறேன். பளபளவென்று மெழுகு போட்ட கார் மாதிரி மின்னினால் அது அசுவினியை, அதாவது கொழுந்தில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் பொடிப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டு. நம் ஊரில் அதிகம் தென்படுவது கறுப்பு வளைகோடு போட்ட மஞ்சள் அல்லது ஆரஞ்சு வண்டு. மங்கிய செங்கல் நிறத்தில், மேலே பூனைமயிர் போட்டு, இருபத்தெட்டு வரை சின்னச் சின்னப் புள்ளிகளோடு இருந்தால் அது ஹட்டா வண்டு, சுத்த சைவம். கத்தரி இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று, நரம்பை மட்டும் வலை மாதிரி விட்டுவைக்கும். புழுக்களைப் பார்த்தால் சந்தேகமே வராது. ஹட்டா புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் முள்ளோடு இருக்கும். பொறிவண்டுப் புழு கறுப்பாக, நீளமாக, ஆரஞ்சுப் பொட்டுகளோடு, குட்டி முதலை மாதிரி இருக்கும். பாவம், பார்க்கப் பயங்கரமாக இருப்பதால் இதைத்தான் எல்லோரும் முதலில் நசுக்குகிறார்கள். பெரிய வண்டைவிட அதிகம் உழைப்பது இந்தக் குட்டிதான்.

மூன்றாவது, அசுவினிக் கூட்டத்தின் நடுவே நெளியும் காலில்லாத, பச்சையும் பழுப்புமான சின்னப் புழு. இலை தின்னும் புழு என்று தோன்றும். இல்லை. தேனீ மாதிரி மஞ்சள், கறுப்பு வரி போட்டுக்கொண்டு, பூவுக்கு முன்னால் காற்றில் ஒரே இடத்தில் நின்று பறக்குமே ஓர் ஈ, அதன் பிள்ளை. அது தின்பது அசுவினியை. அப்புறம், இலையில் தலைமுடி போன்ற காம்பின் நுனியில் ஒற்றை ஒற்றையாக வெள்ளை முட்டை நின்றால் பூஞ்சை என்று துடைத்துவிடாதீர்கள். அது இன்னொரு காவல்காரனான கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை. அசுவினிகளில் சில மட்டும் உப்பி, காகித நிறத்தில் காய்ந்து ஒட்டியிருந்தால் உள்ளே ஒட்டுண்ணிக் குளவியின் குஞ்சு வளர்கிறது என்று அர்த்தம். வட்டமாக ஓட்டை இருந்தால், குளவி பிறந்து போயாகிவிட்டது.

சிலந்தி, கும்பிடுபூச்சி, தட்டான் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விட்டுவிடுங்கள். ஆனால் இலைக்கடியில் நூலாம்படை போல மெல்லிய வலையும், இலை மேல் ஊசிகுத்தினாற்போல் வெளுத்த புள்ளிகளும் இருந்தால் அது நல்ல சிலந்தி அல்ல. சாறு உறிஞ்சும் செம்பேன். சித்திரை, வைகாசியில் கத்தரியும் வெண்டையும் இதனிடம் படாத பாடு படும்.

சும்மா இருப்பது

வேடிக்கையாகச் சொல்லவில்லை, இதுவும் ஒரு வழி. காசு செலவில்லாத, ஆனால் மனசுக்கு மிகக் கஷ்டமான வழி.

நம் ஊர் வெப்பத்தில் அசுவினிக்கு ஆண் துணை தேவையில்லை, முட்டையும் போடாது, நேராகக் குட்டியே போடும். அந்தக் குட்டி ஒரு வாரம் பத்து நாளில் தானும் குட்டி போடத் தொடங்கிவிடும். பொறிவண்டு முட்டையிட்டு, பொரித்து, புழுவாகிப் பசியெடுப்பதற்குள் அசுவினி பலமடங்காகியிருக்கும். ஆக, முதலில் பூச்சி பெருகும், பின்னால்தான் காவல்காரன் வருவான். இடையில் இருக்கிற ஏழு முதல் பத்து நாளில்தான் நாம் பொறுமை இழந்து மருந்தை எடுக்கிறோம். எடுத்தால் வந்துகொண்டிருக்கிற காவல்காரனும் சாகிறான். அசுவினி சீக்கிரம் மீண்டுவரும், வண்டு மீண்டுவர நாளாகும்.

இந்த வழிக்கு நம் மாநிலமே சாட்சி. 2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகத் தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று கண்டதிலெல்லாம் பரவியது. மெழுகுப் போர்வை இருப்பதால் எந்த மருந்தும் ஒழுங்காக உள்ளே இறங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து அசரோபேகஸ் பப்பாயே என்ற, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். மருந்தால் ஆகாததைக் குளவி சில மாதங்களில் செய்துகாட்டியது. தோட்டத்து மாவுப்பூச்சிக் கூட்டத்தைப் பார்த்ததும் ஸ்பிரேயரைத் தேடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் எல்லா நேரமும் சும்மா இருக்க முடியாது. நாலு இலை நாற்றில் அசுவினி ஏறினால் பத்து நாள் காத்திருந்தால் நாற்றே இருக்காது. மிளகாயில் கொழுந்து சுருண்டுகொண்டே போனால் காத்திருப்பது முட்டாள்தனம். நன்றாகப் பந்தலேறிய அவரையில் மார்கழிப் பனியோடு வரும் கறுப்பு அசுவினி என்றால், இரண்டு கொடி நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டுக் காத்திருப்பேன்.

மூன்றாவது மாடிக்கெல்லாம் பொறிவண்டு வருமா என்று கேட்பார்கள். வரும், சாப்பாடும் தங்க இடமும் இருந்தால். இரண்டு பையில் தட்டைப்பயறு போடுங்கள். அதில் அசுவினி நிச்சயம் வரும், வரட்டும். அது வண்டுகளுக்கு வைத்த பந்தி. கொத்தமல்லியில் ஒரு தொட்டியைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். அந்தப் பொடிப் பூக்களில் குளவிகளும் வரி ஈக்களும் மொய்க்கும்.

தண்ணீர், கை, அப்புறம் எறும்பு

என்னைக் கேட்டால் அண்ணியின் இருபத்தைந்து பைக்கு முக்கால்வாசி வேலை இதிலேயே முடிந்துவிடும். காலையில் குழாயின் வாயை விரலால் மூடி, இலையின் அடிப்பக்கம் பீய்ச்சி அடித்தால் அசுவினி உதிரும். பெரும்பாலும் மறுபடி ஏறி வராது. செம்பேனுக்கும் இதுதான் முதல் மருந்து. வறட்சிதான் அதற்குப் பிடிக்கும், ஈரம் பிடிக்காது. ஹட்டா வண்டை அதிகாலையில் கையால் பொறுக்கலாம்; இலைக்கடியில் கூட்டமாக நிற்கும் மஞ்சள் முட்டைகளையும் அந்த இலையோடு கிள்ளலாம். ஆனால் பொறிவண்டு முட்டையும் மஞ்சள்தான், கூட்டம்தான். அசுவினி இருக்கிற இடத்தில் இருந்தால் அதைத் தொடாதீர்கள். கத்தரி இலை நரம்பாகிக் கிடக்கிற இடத்தில் இருந்தால் கிள்ளுங்கள்.

எறும்புக் கதை தனி. அசுவினியும் மாவுப்பூச்சியும் கழிக்கிற இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அவற்றுக்கு மெய்க்காப்பாளனாக நிற்கும். பொறிவண்டு கிட்டே வந்தால் விரட்டும். எனவே எறும்பு ஏறும் வழியை அடைத்தாலே பாதி வெற்றி. பைகளைக் கம்பி ஸ்டாண்டில் ஏற்றி, காலில் கிரீஸ் தடவலாம். ஸ்டாண்ட் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கிற பழைய வழியைச் சென்னையில் நான் சொல்ல மாட்டேன். கொசு முட்டையிடும், டெங்கு காலத்தில் மாநகராட்சி ஆட்கள் மாடி மாடியாக ஏறி வந்து பார்க்கிற விஷயம் அதுதான்.

சோப்பும் வேப்பெண்ணெயும்

இரண்டையும் ஒன்றாகவே பேசலாம், எல்லோரும் கலந்தே அடிக்கிறார்கள். ஆனால் வேலை செய்யும் விதம் வேறு.

சோப்புக் கரைசல் பட்ட பூச்சியைத்தான் கொல்லும். உடம்பு மெத்தென்றிருக்கிற அசுவினி, வெள்ளை ஈயின் குஞ்சு, சின்ன மாவுப்பூச்சி ஆகியவற்றின் மேல்தோலைக் கெடுத்து உலர்த்திவிடும். காய்ந்துபோனால் அதற்குச் சக்தி இல்லை. இதையே நல்ல குணம் என்றும் சொல்லலாம்: காலையில் அடித்து அரை மணி கழித்து வரும் தேனீக்கு ஒன்றும் ஆகாது. ஒரு லிட்டருக்குச் சுமார் பத்து கிராம் காதி சோப்பைச் சீவிக் கரைத்தால் போதும். பாத்திரம் கழுவும் திரவத்தை ஊற்றாதீர்கள். அது சோப்பே அல்ல, இலையைக் கருக்கிவிடும்.

சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு வில்லங்கம் உண்டு. நம் போர்வெல் தண்ணீர் பல இடத்தில் கடினநீர். சோப்பைக் கரைத்தால் நுரை வராமல் திரிதிரியாக வெள்ளைக் கசடு மிதக்கும். சோப்பு தண்ணீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து வீணாகிவிட்டது, பூச்சிக்கு ஒன்றும் மிச்சமில்லை. "சோப்பு அடிச்சேன், ஒண்ணும் ஆகலை" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது எந்தத் தண்ணீர் என்றுதான். மெட்ரோ தண்ணீரோ, சேமித்த மழைத் தண்ணீரோ பிடித்துக் கரைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

வேப்பெண்ணெய் பட்டவுடன் கொல்வதில்லை. அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியைத் தின்னவிடாமல், தோலுரிக்கவிடாமல் செய்யும். ஆகவே இன்றைக்கு அடித்துவிட்டு நாளைக்குப் பூச்சி நிற்கிறதே என்று மறுபடி அடிக்கக் கூடாது. நாலைந்து நாள் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 5 மில்லி, குழம்பாக்க கொஞ்சம் சோப்பு, கலந்த அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். வெயில் பட்டால் அசாடிராக்டின் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் மாலை ஐந்தரைக்கு மேல்தான் அடிக்க வேண்டும். மே 4 வாக்கில் கத்திரி வெயில் தொடங்கினால் அந்த இருபத்தைந்து நாளும் எண்ணெய்ப் பாட்டிலைத் தொடாதீர்கள். எண்ணெய் பூசிய இலை மொட்டை மாடி வெயிலில் வறுவலாகிவிடும். நான் ஒரு வருஷம் கீரையை அப்படித்தான் வறுத்தேன்.

நல்ல பூச்சிக்கு எது குறைந்த தீங்கு? வளர்ந்த பொறிவண்டு ஓட்டோடு இருப்பதால் இரண்டிலும் பெரும்பாலும் தப்பிக்கும். புழுவாக இருந்தால் எது பட்டாலும் கஷ்டம்தான். எனவே செடி முழுக்கக் குளிப்பாட்டாமல், பூச்சி இருக்கிற கொழுந்தில் மட்டும் சின்னக் கைஸ்பிரேயரில் அடிப்பதே நல்லது. திடீரென்று பெருகிய அசுவினிக்கு நான் சோப்பை எடுப்பேன். வெள்ளை ஈ, மிளகாய் இலைப்பேன், இலைக்குள் வெள்ளைக் கோலம் போடும் பூச்சி என்று திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு வேப்பெண்ணெய்.

பூச்சிவிரட்டி

ஆடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வரும் இலை, கசக்கும் இலை என்று நொச்சி, எருக்கு, ஆடாதோடை, வேம்பு எல்லாம் இடித்து, மாட்டுக் கோமியத்தில் ஊறவைக்கும் கரைசலைக் கிராமத்தில் நான் பார்த்திருக்கிறேன், பலன் உண்டு. பெயரே விரட்டி, கொல்லி அல்ல. மணத்தால் பூச்சி விலகும், அதனால் தொற்று வருவதற்கு முன்னால் வாரம் ஒருமுறை அடித்தால்தான் பிரயோஜனம். பூச்சி ஏறி உட்கார்ந்த பிறகு அடிப்பது, வீட்டுக்குள் வந்தவனுக்கு வாசலில் நாயைக் கட்டுவது போல.

ஆனால் அடுக்குமாடியில்? ஒரு வாரம் ஊறும் வாளியின் வாசனையில் கீழ்வீட்டு மாமா மாடிக்கே வந்து நின்றுவிட்டார். தனி வீடு, பின்கட்டு, கோமியம் கிடைக்கும் இடம் என்றால் செய்யுங்கள். இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் கரைசல் ஒரு நாளில் தயாராகும், வாடையும் பரவாயில்லை. ஆனால் அது நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் எரிக்கும், உங்கள் கண்ணையும் சேர்த்து. பஞ்சகவ்யாவைச் சிலர் பூச்சிக்கு அடிக்கிறார்கள். அது வளர்ச்சிக்கானது, பூச்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அந்த வெள்ளைப் பவுடர்

அண்ணியின் கடைக்காரர் சொன்னது வெர்டிசிலியம் லெகானி. பூச்சியைத் தாக்கும் பூஞ்சையை டால்க் பவுடரில் கலந்து விற்கிறார்கள். அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சிக்கு வெர்டிசிலியம். புழுக்களுக்கும் வண்டுகளுக்கும் பிவேரியா பேசியானா. பூஞ்சையின் வித்து பூச்சி மேல் ஒட்டி, முளைத்து, தோலைத் துளைத்து உள்ளே போகும். நல்ல மருந்து, சந்தேகமில்லை. ஆனால் உயிருள்ள சரக்கு. கடையில் வெயில் படுகிற அலமாரியில் ஆறு மாதம் கிடந்த பாக்கெட்டில் வெறும் டால்க்தான் மிச்சமிருக்கும். தயாரிப்புத் தேதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

வித்து முளைக்க ஈரக்காற்று வேண்டும். ஐப்பசி முதல் தை வரை சென்னைக் காற்றில் அதற்குப் பஞ்சமில்லை, மழை விட்ட மாலையில் லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் கலந்து அடிக்கலாம். சித்திரை வெயிலில் அடிப்பது காசைக் கரைத்து ஊற்றுவதுதான். கூடவே பூஞ்சைக்கொல்லி எதையும் அடித்துவிடக் கூடாது, இதுவும் பூஞ்சைதானே. பிவேரியா பொறிவண்டையும் தொற்றக்கூடியது என்பதால் வண்டு நிறைய இருக்கும் செடியில் நான் அடிப்பதில்லை.

எந்த மருந்தும் போகாத இடங்கள்

கத்தரிக்காயைத் துளைக்கும் புழு காய்க்குள்ளும் தண்டுக்குள்ளும் வாழ்கிறது. மேலே எதை அடித்தாலும் அதற்குச் செய்தியே போகாது. இந்த ஒரு புழுவுக்காகத்தான் மரபணு மாற்றிய பிடி கத்தரியே உருவானது. 2010 பிப்ரவரி 9 அன்று மத்திய அரசு அதை நிறுத்திவைத்தது. நாம் செய்யக்கூடியது எளிது: நன்றாக இருந்த கொழுந்து திடீரென்று தலை தொங்கினால், தொங்கிய இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டி, உள்ளே புழு இருக்கிறதா என்று பார்த்து, பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டும். மக்கும் உரத் தொட்டியில் போட்டால் நாமே வளர்த்துவிடுவோம்.

பாகல், புடலையில் பழ ஈ. கடையில் விற்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஆண் ஈக்களை மட்டும்தான் பிடிக்கும். ஏக்கர் கணக்கில் வைக்கிற விவசாயிக்கு அது லாபம். நான்கு பை வைத்திருக்கிறவருக்குப் பூ உதிர்ந்து பிஞ்சு விரல்நீளம் ஆனதும் துணிப்பை மாட்டுவதே நிச்சயமான வழி. மஞ்சள் ஒட்டு அட்டை வெள்ளை ஈக்கு நல்லது, ஆனால் வரி ஈயும் குட்டிக் குளவியும் கூட அதில் மாட்டும். எண்ணிக்கை தெரிந்துகொள்ள இரண்டு வாரம் மாட்டிவிட்டுக் கழற்றிவிடுங்கள்.

அண்ணி கடைசியில் 100 மில்லி வேப்பெண்ணெயும், ஒரு காதி சோப்பும், சின்ன பூதக்கண்ணாடியும் வாங்கினார். பவுடரை ஐப்பசிக்கு ஒத்திவைத்தோம். ஒரு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது: கறிவேப்பிலை இலை மேல் காக்கா எச்சம் போல ஏதோ ஒன்று. "இது என்ன? எச்சம்னு நினைச்சேன், நடக்குது!"

பட்டாம்பூச்சிப் புழு, கொஞ்ச நாளில் பச்சையாகி, அப்புறம் கறுப்புச் சிறகோடு பறக்கும், ஆனால் அதற்குள் செடியை மொட்டையடித்துவிடும் என்று எழுதினேன். எடுத்து எறிவதா விடுவதா என்பது உங்கள் இஷ்டம் என்றும் சேர்த்தேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு வந்தது: "இருந்துட்டுப் போகட்டும். ரசத்துக்குக் கறிவேப்பிலை கடையில வாங்கிக்கிறேன்."